அளந்த பிறகுதான் ஸ்பனர்

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு, மோட்டார் பைக்கின் பின் ஷொக் (அதிர்வு தாங்கி) தேடி வருகிறவர்கள் கடையில் கேட்பது இரண்டே கேள்விதான்: எந்தக் கம்பனி, என்ன விலை. ஓட்டுகிறவர் எத்தனை கிலோ, பின்னுக்கு யார் ஏறுவார், என்ன ரோட்டில் ஓடும் என்று கடைக்காரரும் கேட்பதில்லை, வாங்குகிறவரும் சொல்வதில்லை. அந்தக் கேள்விகள் என் தலையில் விழுந்திருக்கின்றன. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒழுங்கைக்குள் இருக்கும் எங்கள் கராஜில், ஸ்பனர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நிறை பார்க்கும் தராசு ஒன்று கிடக்கிறது. புது ஷொக்கோடு வருகிறவரை ஹெல்மெட், சப்பாத்து, தோள்பை எல்லாவற்றோடும் முதலில் அதில் ஏற்றி நிறுத்துவேன்.

இங்கே ஓடும் மலைப்பாதை பைக்குகள் அநேகமாக ஜப்பானில் பாவித்து வந்தவை: ஹொண்டா பாஜா, யமஹா செரோ, சுசுகி ஜெபல். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைவெளி முழுக்க ஆட்கள் கையிலிருந்த பைக்கையே கட்டிக் காத்தார்கள். ஒயில் கசியும் பழைய ஷொக்கைக் கழற்றிவிட்டு, வேறு கம்பனி ஷொக் வாங்கிப் பூட்டும் வேலை எங்களுக்குக் கூடியது அப்போதுதான்.

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் வெளிக்கள உத்தியோகம் பார்க்கும் இளைஞர் ஒருவர் தன் பாஜாவோடு வந்தார். கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று இறங்கி வந்த களைப்பு முகத்தில் இருந்தது.

"அண்ணே, ஷொக்கு புதுசு. நல்ல காசு குடுத்து வாங்குனது. ஆனா பழச விட இடுப்பு வலிக்குது."

"யார் பூட்டினது தம்பி?"

"எங்க பக்கத்துலதான். பாரம் தாங்கணும்னு ஸ்பிரிங்க நல்லா இறுக்கி விட்டாங்க."

தராசில் ஏற்றினேன். உடுப்பு, பை, சப்பாத்தோடு அறுபத்து மூன்று கிலோ. வெளிநாட்டுக் கம்பனிகள் ஓட்டுகிறவரின் நிறைக்குத் தக்கபடி ஸ்பிரிங் அட்டவணை வைத்திருக்கின்றன. கேட்டால்தான் அதன்படி கிடைக்கும். கேட்காமல் பெட்டியோடு தூக்கி வந்தால் உள்ளே யாருக்கான ஸ்பிரிங் இருக்கிறதோ அதுதான்.

அளக்கும் முறை இது. பைக்கை ஸ்டாண்டில் தூக்கிப் பின் சக்கரத்தைத் தொங்கவிட்டு, அச்சின் நடுவிலிருந்து மட்காட்டில் ஒட்டிய டேப் அடையாளம் வரை நேர்குத்தாக ஓர் அளவு. தரையில் இறக்கி, தன் பாரத்தில் நிற்கவிட்டு இரண்டாவது. ஓட்டுகிறவர் ஏறி, இரண்டு காலையும் மிதியில் வைத்து, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்ததும் மூன்றாவது. முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வெற்று இறக்கம். மூன்றாவதைக் கழித்தால் ஆள் இறக்கம். பின் சக்கரத்தின் மொத்த ஓட்டத்தில், அதாவது அது மேலும் கீழும் அசையக்கூடிய தூரத்தில், ஏறத்தாழ மூன்றிலொன்று ஆள் இறக்கமாகப் போக வேண்டும். சக்கரம் பள்ளத்துக்குள் கீழே நீளவும் இடம் வேண்டுமல்லவா? அந்த இடத்தைத் தருவது இந்த இறக்கம்தான்.

தரையில் நிற்கவிட்டு எடுக்கும் இரண்டாவதையும் மூன்றாவதையும் இரண்டு தரம் எடுப்பேன். சீற்றை அமுக்கி மெதுவாக விட்டு ஒன்று. தூக்கி மெதுவாக விட்டு இன்னொன்று. எல்லாம் சுகமாக அசையும் பைக்கில் இரண்டுக்கும் சில மில்லிமீற்றர்தான் வித்தியாசம் வரும், நடுவை எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பாஜாவில் அமுக்கி விட்டால் ஓர் இடத்திலும், தூக்கி விட்டால் விரல் அகலத்துக்கு மேல் தள்ளி வேறோர் இடத்திலும் நின்றது. எங்கேயோ பிடிக்கிறது. அப்படிப் பிடிக்கும்போது ஷொக்கை என்ன திருகினாலும் பிரயோசனமில்லை.

லிங்கைக் கழற்றினோம். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கும் ஷொக்குக்கும் நடுவில் இருக்கும் அந்த முக்கோணத் துண்டின் போல்ட் லேசில் வரவில்லை. செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி வெளியே எடுத்தபோது அதோடு பழுப்புத் தண்ணீர் ஒழுகியது. ஸ்லீவை இழுத்தால் ஊசி பெயாரிங்குகள் ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் விழுந்தன. சில பாதி உடம்போடு, சில வெறும் துருவாக. கிறீஸ் என்று சொல்ல ஒரு பொட்டும் இல்லை. புது ஷொக் பூட்டியவர்கள் மேல் போல்டையும் கீழ் போல்டையும் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள், லிங்கைத் தொடவே இல்லை. சேவிஸ் ஸ்டேஷனில் அழுத்தத் தண்ணீரை நேரே லிங்குக்குள் பீய்ச்சுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். சீலைத் தாண்டி உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. மலையில் மழை; கொழும்பில் காலிமுகத்திடல் பக்கம் ஓடுகிறவர்களுக்கு உப்புக் காற்று. எங்கே ஓடினாலும் வருசத்துக்கு ஒரு முறையாவது லிங்கைத் திறந்து கிறீஸ் வைக்கத்தான் வேண்டும்.

ஒற்றை ஷொக் மலைப்பாதை பைக்குகளில் பேர் எடுத்தது 1973இல். பெல்ஜியத்துப் பொறியியலாளர் லூசியன் டில்கென்ஸின் யோசனையை யமஹா வாங்கிச் செய்தது. அந்த வருசமே சுவீடன்காரர் ஹோகான் ஆண்டர்சன் அதில் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஹொண்டா, சுசுகி, கவாசாகி எல்லாமே லிங்க் வைத்த பின் சஸ்பென்ஷனைக் கொண்டுவந்தன. சின்ன மேட்டுக்கு மென்மையாகவும், சக்கரம் மேலே ஏற ஏறக் கடினமாகவும் ஷொக்கை வேலை செய்ய வைப்பது அந்த லிங்க்தான். அது இறுகிப்போனால் பணம் கொடுத்து வாங்கிய ஷொக்கின் நல்ல குணம் சீற்றுக்கு வந்து சேராது.

பெயாரிங், சீல் மாற்றி மறுபடி அளந்தோம். ஆள் இறக்கம் 40 மில்லிமீற்றர், வெற்று இறக்கம் 10. ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் நட்டைத் தளர்த்தி ஆள் இறக்கத்தை 75க்குக் கொண்டுவந்தேன். இப்போது வெற்று இறக்கம் 45. ஆள் ஏறாமலே பைக் தாராளமாக இறங்கி நிற்கிறது.

தம்பிக்கு இது தலைகீழாகத் தெரிந்தது. "சும்மாவே இவ்ளோ எறங்குதுன்னா ஸ்பிரிங்கு மெலிசுன்னுதானே அர்த்தம்?"

இல்லை, தடிப்பு. வெற்றுப் பைக்குக்கும் ஆள் ஏறிய பைக்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்: 30 மில்லிமீற்றர். அறுபத்து மூன்று கிலோ ஏறியும் அவ்வளவுதான் அமுங்கியிருக்கிறது. நட்டை இறுக்குவதால் ஸ்பிரிங்கின் கடினம் கூடாது, தளர்த்துவதால் குறையாது. பைக்கின் பின்பக்கம் எந்த உயரத்தில் நிற்கும் என்பதை மட்டும்தான் அது மாற்றும். ஆள் இறக்கம் சரியாக வந்தும் வெற்று இறக்கம் கூடுதலாக இருந்தால் ஸ்பிரிங் அந்த ஆளுக்குக் கடினம். வெற்று இறக்கமே இல்லாமல் போனால் மெலிது. இதை ஒவ்வொருவருக்கும் நின்று விளக்குவதற்கு நான் சலிப்பதில்லை. பாரம் தாங்கும் என்ற நம்பிக்கையில் நட்டை இறுக்கி, வருசக்கணக்காக இடுப்பு நோவோடு ஓடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பிரிங் மாற்ற வேண்டும். தெருவில் தெரிந்த நானாவின் கடையில் அதே கம்பனி ஸ்பிரிங்குகள் சில இருந்தன. "இதுவும் அதே சைஸ்தான், கொண்டு போங்க" என்று ஒன்றை எடுத்துத் தந்தார். தடிப்பு அளக்கும் வேர்னியரை வைத்தேன். கம்பி 12 மில்லிமீற்றர், பைக்கில் இருந்ததும் அதே. இன்னொன்று 11. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் சுருளின் விட்டமும் சுற்றின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால், ஸ்பிரிங்கின் கடினம் கம்பித் தடிப்பின் நான்காம் அடுக்கில் ஏறும். 11க்கும் 12க்கும் நடுவில் ஏறத்தாழ நாற்பது வீத வித்தியாசம். சுற்றை எண்ணிப் பார்த்து, 11ஐ எடுத்து வந்தோம். ஆள் இறக்கம் 75, வெற்று இறக்கம் 33. நான் எதிர்பார்த்த இடம் அதுதான்.

ஸ்பிரிங்கை ஏற்றுமுன் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. ஸ்பிரிங் இல்லாமல் ஷொக்கை மட்டும் பூட்டி, சக்கரத்தைக் கையால் உச்சி வரை தூக்கிப் பார்ப்பது. டயர் மட்காட்டில் முட்டுகிறதா, ஷொக்கோடு குழாயால் இணைந்த தனிக் குப்பியின் அந்தக் குழாய் சைலென்சருக்குக் கிட்டப் போகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். வேறு கம்பனி ஷொக்கில் இதைப் பார்க்காமல் ரோட்டுக்கு விடக்கூடாது. நீளத்தையும் பழைய ஷொக்கோடு ஒப்பிட வேண்டும். ஷொக்கில் ஒரு மில்லிமீற்றர் கூடினால் சக்கரத்தில் இரண்டரை, மூன்று மில்லிமீற்றர் வரும். பின்பக்கம் உயர்ந்தால் ஹேண்டில் பதற்றப்படும். செயினை, எஞ்சின் பல்லுச்சக்கரமும் ஸ்விங் ஆர்ம் அச்சும் பின் அச்சும் ஒரே கோட்டில் வரும்போது பார்க்க வேண்டும். அங்கேதான் அது ஆக இறுகும்.

அடுத்து ரிபவுண்ட், அதாவது அமுங்கிய ஷொக் திரும்பி நீளும் வேகம். ஸ்க்ரூவை முழுக்க மூடி, அங்கிருந்து திறக்கும் கிளிக்கை எண்ணுவோம். மூடும்போது பலம் காட்டக் கூடாது, உள்ளே ஊசியின் இருக்கை கெட்டுவிடும். இந்த ஷொக்கில் அது ஏறக்குறைய முழுக்க மூடியே கிடந்தது. தோட்டத்துக் கல்பாதையில் மேட்டுக்கு மேல் மேடு வரும். ரிபவுண்ட் மூடியிருந்தால் முதல் மேட்டில் அமுங்கிய சக்கரம் திரும்பி நீள நேரமில்லாமல் அடுத்த மேட்டில் இன்னும் அமுங்கும். நாலைந்து கல்லில் ஓட்டமே தீர்ந்து முதுகில் அடிக்கும். ஓட்டுகிறவருக்கு அது ஸ்பிரிங் மெலிந்ததுபோலத் தோன்றும், உடனே நட்டை இறுக்குவார். இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் இந்த வேலையில் எனக்கு ஆகப் பிடித்த பகுதி. சீற்றை அமுக்கி விட்டால் பின்பக்கம் தாமதிக்காமல் எழும்ப வேண்டும். எழும்பிய பிறகு இன்னொரு தரம் துள்ளக் கூடாது. அந்த இடம் வரும்வரை ஒவ்வொரு கிளிக்காகத் திறந்தேன்.

ஓடிப் பார்க்க நுகேகொடைப் பக்கம் அனுப்பினேன். களனிவெளி ரயில் கடவையில் தண்டவாளத்தின் கூர்மையான அடி கிடைக்கும். போகிற வழியில் வேகத்தடைகளின் மெதுவான அடியும் கிடைக்கும். ஒரு ஓட்டத்துக்கு ஒன்றைத்தான் மாற்றுவது எங்கள் கராஜ் வழக்கம். திரும்பி வந்தவர், கடவையில் இன்னும் வெட்டுகிறது என்றார். ஷொக் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரெஷனை இரண்டு கிளிக் திறந்து மறுபடி அனுப்பினேன். அடுத்த தரம் ஹெல்மெட்டைக் கழற்றுமுன்னமே சிரித்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியும் பிள்ளையும் ஏறுவார்கள் என்றார். அதற்குத் தனியாக அளக்காமல் விட மனமில்லை. அவர்களின் நிறையைக் கேட்டு, அவ்வளவு பாரத்துக்கு ஒயில் கேன்களைப் பின்னுக்குக் கட்டி அளந்தோம். நட்டை எத்தனை சுற்று இறுக்க வேண்டும், கூடுதலாக அமுங்கும் ஸ்பிரிங் மேலே எறியாமலிருக்க ரிபவுண்டை எத்தனை கிளிக் மூட வேண்டும் என்று தனி ஓட்டத்துக்கு ஒரு வரி, குடும்பத்தோடு போவதற்கு ஒரு வரி எழுதி, டேப் சுற்றி சீற்றுக்கு அடியில் ஒட்டிவிட்டேன்.

புது ஸ்பிரிங் கொஞ்சம் ஓடித்தான் படியும். அடுத்த முறை கொழும்புக்கு வந்தபோது ஆள் இறக்கம் 79 ஆகியிருந்தது. நட்டின் மரை இடைவெளி 1.5 மில்லிமீற்றர், ஒரு முழுச் சுற்று இறுக்கினால் சக்கரத்தில் ஏறத்தாழ நாலு மில்லிமீற்றர். ஒரு சுற்று இறுக்கி, லிங்குக்குக் கிறீஸ் அடித்து, சீற்றுக்கடியில் இருந்த காகிதத்தில் திகதி எழுதிக் கொடுத்தேன்.