ஆலங்கன்றும் அப்பாவின் லீட்டும்

பேட்டரி மாற்றிய எட்டாம் மாதம், இதயத்தைத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் கருவி இருக்கும் இடத்தில் அப்பாவின் தோல் சிவந்து மினுங்கியது. அம்பாசமுத்திரத்தில் முதலில் காட்டிய இடத்தில் வேனல்கட்டி என்று சொல்லி, ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்து ஆன்டிபயாடிக் மாத்திரை தந்தார்கள். இரண்டும் தவறென்று பிறகுதான் தெரிந்தது. ஊசி வெளிக்கிருமியை உள்ளே கொண்டுபோகலாம். கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, இரத்தம் எடுக்குமுன் மருந்து கொடுத்தால் எந்தக் கிருமி என்பதே மறைந்துவிடலாம்.

பாளையங்கோட்டை இதய மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. கிருமி புகுந்துவிட்டால் மருந்து மட்டும் போதாது, பேஸ்மேக்கர் பெட்டியோடு, அதிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பிகளான இரண்டு லீட்களையும் எடுத்தாக வேண்டும் என்றார். பெட்டியை எடுப்பது எளிது. 11 ஆண்டாகச் சிரைக்குள் கிடக்கும் லீட்டைச் சுற்றி நார்த்திசு வளர்ந்து, சிரைச் சுவரோடும் இதயத்தோடும் இறுகியிருக்கும்.

"கோயில் மதிலில் முளைத்த ஆலங்கன்று. பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும்" என்றார் அப்பா.

"அதேதான் அண்ணாச்சி" என்றார் மருத்துவர்.

பயமே அந்தக் 'கல்' தான். இதயத்துக்குள் இறங்கும் மேற்பெருஞ்சிரை கிழிந்தால் சில நிமிடங்களில் நெஞ்சைத் திறந்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரே கேள்வி கேட்டேன்: அறுவை நிபுணர் எங்கே இருப்பார்? "கூப்பிட்டால் இருபது நிமிடத்தில் வந்துவிடுவார்" என்ற இடத்தில் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்துவிட்டோம். "அதே அறையில், கையுறையோடு" என்ற பதிலுக்காக நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை போனோம்.

அங்கே எங்களைவிட அதிக வரவேற்பு பெற்றது, அம்மா ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருந்த பழைய பேஸ்மேக்கர் அட்டை. லீட்டின் மாடல், வைத்த தேதி எல்லாம் அதில் இருந்தன. மாடல் தெரிந்தால் நுனி திருகாணி வகையா, கொக்கி வகையா என்பது தெரியும். கருவிகளை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கலாம். பிறகு சி.டி., தொண்டை வழியாக எக்கோ என்ற இதய ஸ்கேன், நான்கு யூனிட் இரத்தம். அப்பாவின் இதயம் முழுக்கப் பேஸ்மேக்கரை நம்பியிருந்ததால், முதலில் வலப்பக்கக் கழுத்து வழியாகத் தற்காலிக லீட் போட்டார்கள். சிரை கிழிந்தால் அடைப்பதற்கான பலூனுக்குத் தொடை வழியே கம்பியும் தயாராக இருந்தது.

இத்தனை ஏற்பாட்டுக்கும் ஒன்பது நாள். எடுக்க இரண்டு மணி நேரம். மேலறை லீட் திருகைக் கழற்றியதும் வந்துவிட்டதாம். கீழறை லீட் அசையவில்லை. அதன் உள்ளே ஒரு கம்பியைச் செலுத்திப் பூட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, மேலே சுழலும் குழலை ஏற்றி, நார்த்திசுவைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தபடி நுனிவரை போயிருக்கிறார்கள். பலூனுக்கு வேலை வரவில்லை.

அடுத்த சில நாள், தற்காலிக லீட்டோடு இணைத்துக் கழுத்தில் ஒட்டிய பேஸ்மேக்கரோடு அப்பா உட்கார்ந்திருந்தார். தாயத்து என்று சொல்லிக்கொண்டார். புதிதாக எடுத்த கல்ச்சரில் 72 மணி நேரம் கிருமி வளரவில்லை என்று உறுதியான பிறகே வலப்பக்கம் புதியது வைத்தார்கள்.

இப்போது அட்டை இரண்டாகிவிட்டது. ரேஷன் கார்டு உறையில் இடமில்லை என்று அம்மா சலித்துக்கொள்கிறாள். பழையதைத் தூக்கிப் போட மட்டும் நான் விடவில்லை.