மசாய் மாரா போகிறீர்களா? நுழைவுக் கட்டணத்தை முதலில் கேளுங்கள்

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு, கென்யாவின் வனவிலங்குக் காப்பகமான மசாய் மாராவில் நுழைவுக் கட்டணம் மட்டும் ஜனவரி முதல் ஜூன் வரை ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 2024-இலிருந்து இதுதான் நிலவரம். நாங்கள் போனது ஆகஸ்டில். எங்கள் சென்னை ஏஜெண்ட் 100 டாலர் கணக்கில் பேக்கேஜ் போட்டு, "எல்லாம் சேர்த்துதான் மேடம், அங்கே ஒரு பைசா செலவில்லை" என்று அனுப்பிவிட்டார். கணக்கு தப்பு என்று தெரியவந்தது, விடிகாலை மாராவின் நுழைவாயிலான செக்கெனானி கேட்டில்.

முதலில் ஊசிக் கதை. கென்யா போய்த் திரும்புகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட அட்டை வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இந்தியாவில் இறங்கியதும் 6 நாள் வரை தனிமைப்படுத்தி விடுவார்கள். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் அட்டை செல்லும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு குப்பி மருந்தைத் திறந்தால் பல பேருக்குப் போட்டாக வேண்டும் என்பதால் மையங்களில் குறிப்பிட்ட நாட்களில்தான் போடுகிறார்கள். நாங்கள் போனில் கேட்டபோது பாஸ்போர்ட் போதும் என்றார்கள். நேரில் போனால், அம்மாவுக்கு 60 தாண்டிவிட்டது, டாக்டர் கடிதம் இல்லாமல் போட முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். வயதானவர்களுக்கு இந்த ஊசியில் ஆபத்து கொஞ்சம் கூடுதல்தான், கேட்டது நியாயம். ஆனால் அதைப் போனிலேயே சொல்லியிருந்தால், வெயிலில் அம்மாவை அலைக்கழித்திருக்க வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கடிதத்தோடு போங்கள். முட்டை அலர்ஜி இருந்தால் அதையும் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

விசாவுக்குப் பதிலாக வந்திருக்கும் ஈ.டி.ஏ. என்கிற இணையவழிப் பயண அனுமதி சிக்கலில்லாமல் வந்தது.

நைரோபியிலிருந்து நாரோக் வழியாகப் போனோம். நாரோக்கில் சப்பாத்தியும் 'ன்டெங்கு' என்கிற பாசிப்பயறுக் குழம்பும் சாப்பிட்டோம். சைவக்காரர்கள் சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். மாரா எல்லையை நெருங்கும்போது மதியம் மூன்று மணி தாண்டிவிட்டது. "வந்ததும் மாலை கேம் டிரைவ்", அதாவது வண்டியில் சுற்றி விலங்கு பார்ப்பது, என்றுதான் எங்கள் திட்டத்தில் இருந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு டிரைவர் அப்போதுதான் விளக்கினார். முன்பு டிக்கெட் 24 மணி நேரம் செல்லும். இன்று மூன்று மணிக்கு நுழைந்தால் நாளை மூன்று மணி வரை அதே டிக்கெட். இப்போது காலை 6 முதல் மாலை 6 வரைதான். இந்த நேரத்தில் உள்ளே போனால் இரண்டரை மணி நேரத்துக்கு முழு நாள் கட்டணம் போய்விடும். "இன்று வேண்டாம், நாளை ஆறு மணிக்குக் கதவு திறக்கும்போது போகலாம்" என்றார். நல்ல மனிதர். உள்ளே கூட்டிப்போய் விட்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. எங்கள் விடுதியும் கேட்டுக்கு வெளியேதான் இருந்தது. ஏஜெண்ட் சொன்னதோ "மாராவுக்கு உள்ளே". வெளியே தங்கியது அன்றைக்கு நல்லதாகப் போயிற்று. ஒருவேளை நீங்கள் உள்ளே தங்கினால், கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் வெளியேற வேண்டும் என்ற விதியையும் மனதில் வையுங்கள்.

மறுநாள் ஆறு மணிக்குக் கேட்டில் நின்றோம். கடுங்குளிர். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஸ்வெட்டரை விட்டுவிடாதீர்கள், இந்த இடம் 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கவுன்டரில் இருந்தவர் வவுச்சரைப் பார்த்துவிட்டு, ஆளுக்கு நாளொன்றுக்கு 100 டாலர் குறைகிறது என்றார். மூன்று பேர், இரண்டு நாள், மொத்தம் 600 டாலர். கணவர் டாலர் நோட்டை எடுத்து நீட்டினார். பணமாக வாங்க மாட்டோம், கார்டு அல்லது எம்-பெசா என்கிற அவர்கள் ஊர் மொபைல் பணம் மட்டும் என்றார் அவர். ஒரு கார்டு ஏற்கவில்லை. இன்னொன்றை எங்கள் வங்கி சந்தேகப்பட்டு முடக்கி, உறுதி செய்யச் சொல்லிச் செய்தி அனுப்பியிருக்கிறது. அதைப் பார்க்க அங்கே சிக்னல் இல்லை. சென்னை ஏஜெண்டுக்கு அடித்தால் போனை எடுக்கவில்லை. பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக எங்களைக் கடந்து உள்ளே போயின. சிங்கம் அதிகம் நடமாடுகிற நேரங்களில் ஒன்று அந்த முதல் இரண்டு மணி நேரம். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். அம்மா ஒன்றும் சொல்லாமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார், எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கடைசியில் டிரைவர் தன் நைரோபி அலுவலகத்தோடு பேசி, அவர்கள் எம்-பெசாவில் கட்டினார்கள். டாலரை நாங்கள் டிரைவர் கையில் கொடுத்தோம். அதிலும் ஒரு நோட்டு பழையது என்று திருப்பித் தந்தார். பழைய டாலர் நோட்டுகளை அங்கே பலர் விரும்பி வாங்குவதில்லை, வாங்கும்போதே ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். கிளம்பும் முன் வங்கியில் பேசி, வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவைத்து, ஒன்றுக்கு இரண்டு கார்டாக எடுத்துப் போங்கள்.

இன்னொரு விஷயம். நகுரு போன்ற தேசியப் பூங்காக்கள் கென்ய வனவிலங்குத் துறையின் கையில். மாரா, மாவட்டம் மாதிரியான நாரோக் கவுன்டி அரசின் கையில், அதிலும் மேற்குப் பக்கமான மாரா ட்ரையாங்கிளை மாரா கன்சர்வன்சி என்ற அமைப்பு நடத்துகிறது. சுற்றியுள்ள தனியார் கன்சர்வன்சிகளுக்கு, அதாவது தனியார் வனவிலங்குப் பாதுகாப்பு நிலங்களுக்கு, கட்டணம் தனி. "பூங்காக் கட்டணம் உட்பட" என்று பொதுவாக எழுதியிருந்தால், எந்த இடம், எத்தனை நாள், எந்த மாத விலை என்று கேட்டு வாங்குங்கள்.

உள்ளே போன பிறகு மனசு மாறிவிட்டது. கரையான் புற்றின் மேல் ஒரு சிவிங்கிப்புலி, கீழே அதன் குட்டிகள். ஒரே இடத்தில் ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது என்று விதி. பல வண்டிகள் அதை மதிக்காமல் நெருங்கின. எங்கள் டிரைவர் தள்ளி நின்று முறை வரும்வரை காத்திருந்தார். கூட்டம் கலைந்த பிறகு அந்தத் தாய் எழுந்து எங்கள் பக்கமாகவே நடந்து வந்தது. அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மாரா ஆற்றங்கரையில் வில்டபீஸ்ட் என்கிற மான் இன விலங்குகளின் கூட்டம் ஆயிரக்கணக்கில் நின்றது, ஆற்றைக் கடக்க இறங்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, விலங்குகள் நம் நேரத்துக்கு இறங்காது. பெரியவர்களோடு போகிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: நாள் முழுக்கச் சுற்றும்போது கழிப்பறை அபூர்வம், கண்ட இடத்தில் இறங்கவும் முடியாது. நல்ல கழிப்பறை எங்கெங்கே என்று காலையிலேயே டிரைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கேரி பேக்குக்கு 2017-இலிருந்து கென்யாவில் தடை, முறுக்கையும் தட்டையையும் துணிப்பையில் கட்டுங்கள்.

ஊர் திரும்பியதும் ரசீது, வவுச்சர், வாட்ஸ்அப்பில் ஏஜெண்ட் "எல்லாம் உட்பட" என்று எழுதியது எல்லாவற்றையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பினேன். முதலில் "திடீரென்று விலை ஏறிவிட்டது" என்றார். 2024-இலிருந்தே இந்த விலைதான் என்று காட்டிய பிறகு பாதிப் பணம் வந்திருக்கிறது. மீதியை அடுத்த மாதம் தருவதாக எழுத்தில் வாங்கியிருக்கிறேன்.