ஆட்டம் இல்லை, சத்தம் மட்டும்

அந்தச் சேட்டன் கேட்டது ஒரே கேள்வி. "ஆசானே, புனலூர் வரைக்கும் போயிடலாமில்லே?" நான் சொன்னது, "போகலாம். ஆனா நான் சொன்னேன்னு வச்சுக்காதீங்க." இதில் பின்பாதிதான் இன்னும் உறுத்துகிறது.

செங்கோட்டையில் என் பட்டறைக்குக் கேரள வண்டி புதிதல்ல. டயர் சத்தம் என்று நினைத்து அலைன்மென்ட் பார்க்க வந்தவர். கூட உட்கார்ந்து போனேன். அறுபதைத் தொட்டதும் ஊ என்று ஒரு முனகல், நியூட்ரலில் போட்டாலும் அடங்கவில்லை, அப்போ இன்ஜின் இல்லை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் கூடுகிறது, வலப்பக்கம் ஒடித்தால் குறைகிறது. இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரத்துக்குப் போகும், அதனால் வலது முன்சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் மேல்தான் சந்தேகம். ஜாக்கி ஏற்றி மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், ஆட்டம் துளிகூட இல்லை. ஆனால் காயில் ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால் விரலில் நறநறவென்று ஏறுகிறது. இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

பேரிங் காலையில்தான் தென்காசியிலிருந்து வரும். பிரஸ் மெஷினில் வைத்து அழுத்தி ஏற்றுகிற வேலை, சுத்தியலால் தட்டி ஏற்றினால் புதுசும் சீக்கிரமே முனகும். பின்சீட்டில் அவருடைய அம்மா, மடியில் மருந்துப் பை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொய் சொல்லவில்லை. ஆட்டம் விழாத பேரிங் சட்டென்று கைவிடாது, மாதக்கணக்கில் முனகிக்கொண்டே ஓடிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். மெதுவாகப் போங்கள், ஆரியங்காவில் நிறுத்தி இரண்டு முன்சக்கரத்துப் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், வலது மட்டும் அனலாக அடித்தால் அதோடு நிறுத்திவிடுங்கள் என்றும் சொன்னேன். ஆனால் புளியரை எஸ் வளைவிலிருந்து தென்மலை வரை வளைவுக்கு மேல் வளைவு, இருட்டு வேறு, ஒவ்வொரு இடது வளைவிலும் அந்த பேரிங்தான் தாங்க வேண்டும். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. போகலாம் என்றால் போகலாம், கூடாது என்றால் கூடாது. அவர் கேட்டதே அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுக்கத்தானே? சரி, கூடாது என்றிருந்தால் அந்த அம்மாவை ராத்திரி எங்கே தங்க வைப்பது?

அவர் திரும்பி வரவில்லை. புனலூரிலேயே மாற்றியிருப்பார், அங்கே இல்லாத பட்டறையா.

இப்போதெல்லாம் இப்படிப் போகிற வண்டிக்கு, பேரிங் மாற்றச் சொல்லியாச்சு என்று பில்லில் எழுதி கையெழுத்து வாங்கிவிடுகிறேன். அது வண்டிக்காரருக்காக இல்லை, உனக்காக என்கிறான் கூட்டாளி. எழுதுவதை நிறுத்தவில்லை.