காத்திருக்கும் நாட்கள்: கோணேசபுரியிலிருந்து

மார்ச் 4, 2024
உள்ளகப் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சை முடிந்து, கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, விடியற்காலை நாலரைக்குத் திருகோணமலை அநுராதபுரச் சந்தியில் இறங்கினேன். கிண்ணியாத் தோழியிடம் இரவல் வாங்கிய சப்பாத்து இடது குதிகாலை உரித்துவிட்டது.

மார்ச் 5
எந்தப் பாடசாலை என்பதுதான் நேர்முகப் பரீட்சையில் அவர்கள் கேட்ட முதற்கேள்வி. 2006 இல் போரினால் எங்கள் ஊரான சம்பூரைவிட்டு வெளியேறியபோது எனக்கு ஐந்து வயது. கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டகைக்குள் தொடங்கிய என் படிப்பு, ஊருக்குத் திரும்பும்வரை மூன்று பாடசாலைகளுக்கு மாறியதையும், உயர்தரத்தில் கணித ஆசிரியர் வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே வந்ததையும் நான் எந்த ஆங்கிலத்தில் சொல்லியிருக்க முடியும்? கடைசிப் பாடசாலையின் பெயரை மட்டும் சொன்னேன். தாளைப் புரட்டினார்கள். எனக்கு முன்னால் உள்ளே போனவனுடன் சிங்களத்தில் சிரித்துப் பேசியது கதவுக்கு வெளியே வரை கேட்டது. தெரிவுக் குழுவில் ஒருவர் அவனுடைய பாடசாலையின் பழைய மாணவராம்.

மார்ச் 6
மின்னஞ்சல் இல்லை.

மார்ச் 8
சிவராத்திரி. விடுதிப் பிள்ளைகளுடன் கோணேசர் கோவிலில் விழித்திருந்தேன். கண் கைபேசியிலேயே இருந்தது.

கொழும்பில் அன்று ஒருவன் எங்களைக் ‘கோட்டாப் பிள்ளைகள்’ என்றது இன்னும் உறுத்துகிறது. விஞ்ஞானப் பாடநெறிகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. திருகோணமலையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. எழுபதுகளில் அந்த அனுமதிக்குக் கொண்டுவந்த தரப்படுத்தல் தமிழில் எழுதிய மாணவர்களின் வெட்டுப்புள்ளியை உயர்த்தியதை அப்பப்பா சாகும்வரை மறக்கவில்லை. அதன் தொடர்ச்சியாக வந்த மாவட்டக் கோட்டாவே என்னைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் சேர்த்தது. இரண்டும் உண்மை, இரண்டையும் ஒரே வாயால் சொல்ல நான் தயங்கமாட்டேன். ஆனால் அந்தக் கோட்டா வளாகத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே வந்தபின் ஆங்கிலத்துக்கும் மடிகணினிக்கும் கொழும்பில் ஒரு தெரிந்த முகத்துக்கும் நாங்கள் எங்கே போவது?

மார்ச் 9
எந்தப் பாடசாலை. எந்தப் பாடசாலை.

மார்ச் 11
தெரிவாகிவிட்டேன்! ஆறு மாத உள்ளகப் பயிற்சி. முதல் மூன்று மாதத்துக்குக் கொடுப்பனவு இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். கொழும்பில் அறை வாடகை, மூன்று நேரச் சாப்பாடு, பஸ் காசு என்று கூட்டினால், மஹாபொலப் புலமைப்பரிசில் பணம் வாடகைக்கே காணாது. கொழும்பில் வீடு உள்ளவர்களுக்கு அது மூன்று மாதப் பொறுமை. எங்கள் வீட்டில் அது தம்பியின் ரியூஷன் காசு. பரீட்சையில் எனக்குக் கீழே நின்றவன் இந்த இடத்தை யோசிக்காமல் ஏற்றுக்கொள்வான், பிறகு அவனுடைய தகைமைப் பட்டியலில் அனுபவம் என்று ஒரு வரி இருக்கும், என்னுடையதில் இராது என்பதை நினைக்க நினைக்க நெஞ்சு எரிகிறது.

மார்ச் 12
நோன்பு தொடங்கியது. சப்பாத்தைக் கொடுக்கப் போனேன். தோழிக்கு இன்னும் மின்னஞ்சல் வரவில்லை. அவளிடம் நிரலாக்கத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். வேலைத்தலத்திலும் தலையை இப்படித்தான் மூடுவீர்களா என்று இரண்டு தடவை கேட்டார்களாம். எங்கள் பிரிவில் அவளைப் போல நிரல் எழுத எவருமில்லை. “நீ போ, சப்பாத்தை வைத்துக்கொள்” என்றாள்.

மார்ச் 13
அம்மா தொலைபேசியில், “அறைக்கு எவ்வளவு பிள்ளை?” என்று கேட்டார். பாதியைத்தான் சொன்னேன்.

மார்ச் 14
சம்மதம் என்று எழுதிவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை.