பழைய குப்பி

ஜூலை 7, திங்கள்

யஷ்வந்த்பூரில் இறங்கும்போதே மழை. நனைந்தபடியே லேபுக்குப் போய் ஏஜிஎஸ் செல்களை 96 குழித் தட்டில் விதைத்தேன். இரைப்பைப் புற்றுநோய்ச் செல்கள். ஓரக் குழிகளில் வெறும் மீடியாதான், அதாவது செல்லுக்கான ஊட்டத் திரவம். அங்கே ஈரம் சீக்கிரம் வற்றும், கணக்கு கெடும். இது மூன்றாம் முறை. முந்தைய இரண்டிலும் டெசிடபின் என்ற மருந்தோடு சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டின மருந்தைச் சேர்த்தாலும் ஒன்றுதான், சேர்க்காவிட்டாலும் ஒன்றுதான். "ரெசிஸ்டன்ஸ் மேடம்", செல் மருந்துக்கு மசியவில்லை என்று பெரிய மேதாவி மாதிரி சொல்லிவைத்திருக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

டெசிடபின், முதல் நாள். ராத்திரி போனில் அம்மா, "அப்படி என்னத்தடி ஊத்துற?" என்றாள். கடன் கட்டாத வீட்டுக்கு பேங்க்காரன் சீல் வைப்பான் இல்லையா, அதைச் சொன்னேன். வீடு இடியவில்லை, பூட்டுதான். புற்றுச் செல்லில் எம்.எல்.எச்.1 மாதிரி காவல் ஜீன்கள் பலசமயம் இப்படித்தான் மெத்தில் என்ற வேதிக்குறியின் சீலுக்குள் கிடக்கும். டெசிடபின் பார்க்க டிஎன்ஏ எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் மாதிரியே இருப்பதால் செல் டிஎன்ஏவை நகலெடுக்கும்போது உள்ளே நுழைந்துவிடும். சீல் ஒட்ட வரும் என்சைம் அதில் மாட்டிக்கொள்ளும். செல் பிரியப் பிரிய சீல் குறையும். அதனால்தான் மூன்று நாள் காத்திருப்பு.

"சீலைப் பிரிச்சா வீட்டுக்காரன் வந்துருவானா?"

அம்மா ரிவ்யூவராகப் போகலாம்.

ஜூலை 10, வியாழன்

இன்றும் புது மருந்து. 37 டிகிரியில் சில மணி நேரத்திலேயே பாதி சிதைந்துவிடும், தினமும் மாற்றியாக வேண்டும். 2006-ல் எம்டிஎஸ் என்ற ரத்த நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இது. கட்டிகளில் தனி ஆளாகப் பெரிதாக எதையும் கிழிக்கவில்லை; அதனால்தான் துணைக்கு ஆள் தேடுகிறோம்.

ஜூலை 11, வெள்ளி

ஓசூர் ஜூனியர் ஃப்ரீசரிலிருந்து சிஸ்பிளாட்டினை எடுத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, இதுல டிஎம்எஸ்ஓன்னு போட்டிருக்கே, பரவாயில்லையா?"

கையெழுத்து என்னுடையது.

டெசிடபினை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த கையோடு இதையும் கரைத்திருக்கிறேன். டிஎம்எஸ்ஓவில் இருக்கும் கந்தகம் பிளாட்டினத்திடமிருந்து குளோரைடைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அந்த மருந்துக்குப் பல் கிடையாது. ரெசிஸ்டன்ஸாம்! செல்மேல் வீண்பழி போட்டிருக்கிறேன்.

0.9 சதவீத சலைனில் புதிதாகக் கரைத்தோம். அது கரைவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. வெளிச்சம் படாமல் ஃபாயில் சுற்றி, குலுக்கிக் குலுக்கி அவள் கையே வலித்துவிட்டது. மீடியாவை மாற்றி, சாயங்காலம் ஊற்றினேன்.

ஜூலை 13, ஞாயிறு

எம்டிடி, செல் உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் சாயச் சோதனை. உயிருள்ள செல் மஞ்சளை ஊதாவாக்கும். அந்த ஊதாப் படிகத்தைக் கரைக்க எது வேண்டும்? அதே டிஎம்எஸ்ஓ! சிரிப்பு வந்துவிட்டது.

சிஸ்பிளாட்டின் மட்டும் போட்ட வரிசையே இந்த முறை வெளுத்திருந்தது. டெசிடபின் மட்டும் போட்டதில் ஊதா லேசாகத்தான் குறைவு. டெசிடபின் முதலில், சிஸ்பிளாட்டின் பிறகு என்று போட்ட குழிகள் கிட்டத்தட்ட தண்ணீர் நிறம். இரண்டு மருந்தின் கூட்டு விளைவைக் கணக்கிடும் சௌ-தலாலே முறையில் போட்டுப் பார்த்தால் குறைந்த டோஸ்களில் சிஐ என்ற கூட்டுக் குறியீடு ஒன்றுக்குக் கீழே, அதாவது கூட்டு வேலை செய்திருக்கிறது. அதிக டோஸில் ஒன்றை ஒட்டியே நிற்கிறது. அங்கே வெறும் கூட்டல்தான்.

ஒரு தட்டுதான். அதுவும் பிளாஸ்டிக்கில் வளரும் செல். மேடத்துக்கு மெயில் போட்டேன்: முந்தைய இரண்டு தட்டுகளும் குப்பை, தவறு என்னுடையது.

பத்தே நிமிஷத்தில் பதில், ஒரே வார்த்தை: ரிபீட்.