அப்பாவின் ரன்னிங் சார்ட்

அப்பா அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் சாரதியாக இருந்தவர். வாகனத்தை நிறுத்திவிட்டு வரும் முன் ஒவ்வொரு நாளும் ரன்னிங் சார்ட் எழுத வேண்டும். புறப்படும்போது மீற்றர் எவ்வளவு, திரும்பும்போது எவ்வளவு, எங்கிருந்து எங்கே, என்ன அலுவல், கூடப் போன அதிகாரியின் கையெழுத்து. எழுதி முடியாத நாட்களில் வீட்டுக்குக் கொண்டுவந்து, அடிமட்டத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்புவார். ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான் தலைப்பை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "இதில ஆர் அப்பா ஓடுறது?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார்.

அந்தப் பதிலில் விளையாட்டே இல்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் சாரதி வாகனத்தை ஓட்டுவதில்லை, ஓடுவார். "கார் ஓடத் தெரியுமா?", "சைக்கிள் ஓடிப் பழகுறான்" என்றுதான் கேட்டு வளர்ந்தோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "காரை ஓட்டணும், கார்தான் ஓடும்" என்று திருத்தினாள். அன்றைக்கு வெட்கப்பட்டேன். இப்போது அந்தப் பேச்சுதான் என் பாடத்துக்குக் கைகொடுக்கிறது.

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் ஓ/எல் என்கிற சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஒரு வாசிப்புப் பந்தியில் "ஷீ ரன்ஸ் அ ஸ்மோல் பேக்கரி" என்று ஒரு வரி வந்தது. நன்றாகப் படிக்கிற பையன் ஒருவன் "அவள் சின்னப் பேக்கரிக்கு ஓடுகிறாள்" என்று எழுதியிருந்தான். அவனிடம் பிழை இல்லை. ரன் என்றால் ஓடு என்று சின்ன வகுப்பில் ஒரு படத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுத்ததோடு நாங்கள் நிறுத்திவிட்டோம். அதற்குப் பிறகு அந்தச் சொல் எத்தனை வேடத்தில் வந்தாலும் பிள்ளைக்கு அந்த ஓடுகிற பையன் படம்தான் தெரியும்.

அது எவ்வளவு பெரிய சொல் என்று அவர்களுக்குச் சொன்னேன். ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆக நீளமான பதிவு செட் என்ற சொல்லுக்கு. அதன் வினைக்கு மட்டும் 430 பொருள். பிறகு ரன் என்ற வினையைத் திருத்தி எழுதும் வேலை பீற்றர் கில்லிவர் என்ற அகராதியியலாளரிடம் வந்தது. அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் இருந்திருக்கிறார். முடிவில் 645 பொருள். ஒரு சொல்லுக்கு ஒன்பது மாதம் கொடுத்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதை வருகிறது. "645ஐயும் பாடமாக்க வேணுமா டீச்சர்?" என்று ஒருத்தி பயந்துபோய்க் கேட்டாள்.

வேண்டாம். பாதி ஏற்கெனவே உங்கள் வாயில் இருக்கிறது என்றேன்.

மூக்கு ஓடுது. மணிக்கூடு ஓடுது. படம் இரண்டாவது கிழமையாக ஓடுது. இரத்தம் நரம்பில் ஓடுது. கடை நல்லா ஓடுது. எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்திலும் ரன் பொருந்தும். பழைய ஆங்கிலத்தில் இதன் வேர்ச்சொல்லுக்கு நீர் பாய்வது என்ற பொருளும் உண்டு. அதே வேரில் பிறந்த ஜெர்மன் சொல் இன்றும் ஒழுகுவதைத்தான் குறிக்கிறது. எங்களிடம் ஓடை இல்லையா, ஓடம் இல்லையா? நில்லாமல் போவது எதுவாக இருந்தாலும் இரண்டு மொழிக்காரரும் அதை ஓட விட்டிருக்கிறார்கள். வள்ளுவர் தேர் கடலில் ஓடாது, நாவாய் நிலத்தில் ஓடாது என்று சொன்னபோது இரண்டுக்கும் ஒரே வினைதான் போட்டார். துறைமுக ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த அதிகம் பாடுபடத் தேவையில்லை.

எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. ஆற்றைக் கடக்க ஏறுகிற மிதவைக்கு இங்கே பாதை என்று பெயர். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் வரை அப்பா அந்தப் பக்கம் போகிற நாளில் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "இண்டைக்குப் பாதை ஓடுதாமா?" வெளியூர்க்காரருக்கு இது விசித்திரமாகப் படும். பாதை கிடக்கும், அதன்மேல் மற்றதெல்லாம் ஓடும் என்றுதானே அவர்கள் நினைப்பார்கள்! எங்களுக்குப் பாதை ஓடும், அல்லது ஓடாது. ஓடாவிட்டால் அப்பா வர இரவாகும். "த ஃபெரி இஸ் நொட் ரன்னிங்" என்ற வசனத்தை வகுப்பில் எழுதும்போது அம்மா வாசலில் நின்று கேட்ட குரல் எனக்குள் கேட்கும்.

சரி, ஓடு என்று போட முடியாத இடங்களுக்கு வருவோம். பேக்கரிக்கார அம்மாவுக்கு என்ன செய்வது? ஆங்கிலத்தில் அவள் பேக்கரியை ஓட வைக்கிறாள், தமிழில் நடத்துகிறாள். நடத்துவது என்றால் நடக்க வைப்பது. கடையானாலும் பள்ளிக்கூடமானாலும் கலியாணமானாலும் நாங்கள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறோம். தேர்தல் வந்தால் அமெரிக்கர் ஓடுவார், பிரித்தானியர் நிற்பார், நாங்களும் நிற்கிறோம். எனக்கு ஆகப் பிடித்த இடம் இதுதான். ஒரே வேலையை ஒருவர் ஓடியும் ஒருவர் நடந்தும் ஒருவர் நின்றும் செய்கிறார்கள். இதைச் சொன்னதும் அந்தப் பையனின் முகம் மலர்ந்தது, "அப்ப அவ பேக்கரி நடத்துறா" என்று தானே திருத்திக்கொண்டான்.

மற்றவையும் இப்படித்தான். சீனி முடிந்தால் ரன் அவுட். துணியில் சாயம் போனால் அதுவும் ரன். காய்ச்சல் காய்வதற்கும், நிலாவெளிக்கு வீதி போவதற்கும், ஒரு பழக்கம் பரம்பரையாக வருவதற்கும் அதே சொல். இவை எல்லாவற்றுக்கும் பக்கத்தில் மனேஜ், ஒப்பரேட், ஃப்ளோ என்று ஒத்த சொற்களை எழுதிப் பாடமாக்கச் சொல்லும் பயிற்சிப் புத்தகங்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒத்த சொல் என்பது ஒரே வசனத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒத்துப்போகிறதா என்று தெரியும். ஆறு ஃப்ளோ ஆகும், பேக்கரி ஆகாது. பேக்கரியை மனேஜ் பண்ணலாம், மகாவலியைப் பண்ண முடியாது; அது தன்பாட்டுக்குக் கொட்டியாரக் குடாவில் போய் விழும்.

கிரிக்கெட்டை விட்டால் பையன்கள் விடமாட்டார்கள். பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் ஒருவரும் ஓடாமலே நான்கு ஓட்டம். 1997இல் கொழும்பில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை எடுத்த 952இல் உண்மையாகவே ஓடி எடுத்தது எவ்வளவு என்று அவர்கள் ஒரு கணக்குப் போடத் தொடங்கினார்கள். பாடம் கால் மணிநேரம் நின்றுபோனது. நான் தடுக்கவில்லை.

அன்று வீட்டு வேலையாக ஒன்றுதான் கொடுத்தேன்: வீட்டில் ஆராவது ஓடு என்ற சொல்லை எந்த விதமாகச் சொன்னாலும் அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டு வர வேண்டும். இருபத்திரண்டு வசனம் வந்தது. "கேள்வியப் பாத்ததும் எனக்கு ஒண்டும் ஓடுதில்ல" என்று தன்னையே ஒருத்தி எழுதியிருந்தாள். கடற்கரைப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளை, அதிகம் வாய் திறக்காதவள், இரண்டு வரி எழுதியிருந்தாள்: "அப்பா வள்ளம் ஓடுறவர். இண்டைக்கு நீரோட்டம் கூட எண்டு போகேல்ல."

அதைப் பலகையில் எழுதி, கீழே "த கரன்ட் இஸ் ரன்னிங் ஸ்ட்ரோங்" என்று எழுதினேன். ஆங்கிலக் கடலோடிகளும் இதைத்தான் சொல்வார்கள், உன் அப்பாவின் பேச்சில் ஒரு சொல்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை என்றேன். அவள் கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, தமிழ் வரிக்குக் கீழே ஆங்கில வரியை மெதுவாக எழுதிக்கொண்டாள்.

வருகிற கிழமை செட். "எங்கட வீட்டில டீ செட் இருக்கு டீச்சர்" என்று ஒருவன் இப்போதே தொடங்கிவிட்டான்.