நாய் உயிரோடு இருந்ததா?

வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்ததும் வந்த முதல் கேள்வி: “நார்வே படத்தில் அந்த நாய் உயிரோடு இருந்ததா, ஏற்கெனவே செத்துக் கிடந்ததா?” ‘இன்சோம்னியா’ என்ற நார்வே படத்துக்கும் அதன் ஹாலிவுட் மறுஆக்கத்துக்கும் (ரீமேக்) இடையே 23 வேறுபாடுகளைக் கட்டம் போட்டு எழுதி, மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். நாய் அதில் இல்லை. “செத்த நாய்தான்” என்றேன். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த முறை நான் தேறவில்லை.

சினிமா முதுகலையில் மறுஆக்கம் பற்றிய தாளுக்கு நான் எடுத்துக்கொண்ட இணை ‘இன்சோம்னியா’. 1997இல் வந்த நார்வே படம் எரிக் ஷோல்ட்பியார்க்கின் முதல் முழுநீளப் படம். 2002இல் கிறிஸ்டோபர் நோலன் அதை ஹாலிவுட்டில் மறுபடி எடுத்தார். இரண்டிலும் வெளியூர்க் காவல் அதிகாரி ஒருவர், இரவே வராத வடக்கு ஊருக்கு ஒரு மாணவியின் கொலையை விசாரிக்க வருகிறார். பனிமூட்டத்தில் கொலையாளியைத் துரத்தும்போது சக அதிகாரியையே சுட்டுவிடுகிறார். அதை மறைக்கிறார், தூக்கம் போய்விடுகிறது. தேர்விலும் கதையை இதற்கு மேல் எழுதாதீர்கள். என் முதல் விடைத்தாளில் மூன்று பக்கம் கதைச்சுருக்கமாகவே போயிற்று. (கீழே முடிவுகளையும் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

நாய்க்கு வருகிறேன். இறந்த சக அதிகாரியின் உடலில் இருந்த குண்டு, சுட்டவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அதன் இடத்தில் மாற்றிவைக்க, சதையில் பாய்ந்த இன்னொரு குண்டு வேண்டும். நார்வே படத்தில் ஸ்டெல்லான் ஸ்கார்ஸ்கோர்ட் நடித்த எங்ஸ்த்ரோம், உயிரோடிருக்கும் நாயைச் சுடுகிறார். ஹாலிவுட்டில் அல் பசினோ நடித்த டார்மர், சந்தில் செத்துக் கிடக்கும் நாயின் உடலில் சுடுகிறார். தேவை ஒன்றுதான், கிடைக்கும் குண்டும் ஒன்றுதான். ஆனால் முதல் அதிகாரியோடு மிச்சப் படத்தைக் கழிக்கவே நமக்குக் கூசுகிறது. இரண்டாமவரைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்கிறோம்.

அடுத்த முறை கட்டங்களைத் தூக்கிப் போட்டேன். ஒரே கேள்வியோடு இரண்டையும் திரும்பப் பார்த்தேன்: மறுஆக்கம் தன் நாயகனுக்கு எங்கெங்கே சலுகை தருகிறது? கேள்வி ஒன்றானதும் குறிப்புகள் தாமாகவே வரிசைக்கு வந்தன. எங்ஸ்த்ரோம் ஸ்வீடனில் ஒரு சாட்சியோடு தகாத நிலையில் பிடிபட்டவர். டார்மரும் யோக்கியர் இல்லை, ஆனால் அவர் பொய்த் தடயம் வைத்தது ஒரு குழந்தையைக் கொன்றவனைச் சிறைக்கு அனுப்ப. இறந்த பெண்ணின் தோழியைக் காரில் ஏற்றிக்கொண்டு எங்ஸ்த்ரோம் அத்துமீறுகிறார். டார்மர் அதே தோழியைக் காரில் ஏற்றி, எதிரே வரும் லாரியை நோக்கி ஓட்டி மிரட்டுவதோடு சரி. மூலம் ஏறத்தாழ 97 நிமிடம், மறுஆக்கம் 118. கூடுதலான 21 நிமிடங்கள் எங்கே போயின என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு தேடினேன். கணிசமான பகுதி டார்மருக்குக் காரணங்கள் சேர்ப்பதற்கே போயிருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கேள்வி பிடித்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் அதற்குள் திணிக்கக் கூடாது. ஓரிடத்தில் நோலனின் படம்தான் கடுமையானது. டார்மரின் சக அதிகாரி உள்விசாரணையில் வாய் திறக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார், அதன் பிறகுதான் குண்டு பாய்கிறது. ஆகவே அது தவறிப் பாய்ந்ததா என்று டார்மருக்கே நிச்சயமில்லை. மூலத்தில் இந்தச் சந்தேகத்துக்கு இவ்வளவு இடமில்லை. என் வாதத்தையே வெட்டும் இந்தப் பத்தியை எடுத்துவிடலாமா என்று யோசித்து, பிறகு விட்டுவைத்தேன். தேர்வாளர் அதன் பக்கத்தில்தான் பென்சிலால் கோடிட்டிருந்தார்.

சப்டைட்டிலை மட்டும் நம்பிப் படித்தால் ஒன்று தப்பிவிடும். எங்ஸ்த்ரோம் பேசுவது ஸ்வீடிஷ், சுற்றியிருப்பவர்கள் பேசுவது நார்வேஜியன். ஒருவருக்கொருவர் புரியும், ஆனால் வாயைத் திறந்தாலே அந்நியன் என்று தெரியும். சப்டைட்டில் இரண்டையும் ஒரே ஆங்கிலமாக்கிவிடுகிறது. துப்பாக்கியும் இப்படித்தான். படம் வந்த காலத்தில் நார்வே போலீஸ் வழக்கமாக ஆயுதம் தாங்குவதில்லை, எனவே எங்ஸ்த்ரோம் கையில் அது இருப்பதே ஒரு மீறல். அமெரிக்காவில் அதில் யாருக்கும் வியப்பில்லை என்பதால், திரைக்கதை டார்மருக்கு இரண்டாவதாக ஒரு துப்பாக்கியைக் கொடுத்துச் சிக்கலை உண்டாக்குகிறது. நாட்டின் நடைமுறை தெரியாமல் படத்தை மட்டும் பார்த்திருந்தால் இது எனக்குப் பிடிபட்டிருக்காது.

வரைபடத்தையும் திறந்து பாருங்கள். “இரு படங்களும் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே நடக்கின்றன” என்று முதல் முறை எழுதி மாட்டிக்கொண்டேன். மூலம் நடக்கும் நார்வேயின் ட்ரோம்சோவில் கோடையில் நள்ளிரவுச் சூரியன் உண்மை. மறுஆக்கம் நடக்கும் அலாஸ்காவின் நைட்மியூட் வட்டத்துக்கு வெகு தெற்கே இருக்கிறது, அங்கே கோடையிலும் சூரியன் மறையும். பெயரில் ‘இரவு’ இருப்பதால் தேர்ந்தெடுத்தார்களோ என்னவோ.

விடையை எங்கே தொடங்குவது என்று திணறினால், கடைசிக் காட்சியில் தொடங்குங்கள். இரண்டிலும் உண்மையைக் கண்டுபிடிப்பவர் உள்ளூர்ப் பெண் அதிகாரி, அவர் கையில் இருப்பது ஒரு வெற்றுத் தோட்டா உறை. நார்வேயில் அவர் அதை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறார். எங்ஸ்த்ரோம் தப்பிவிடுகிறார், இருட்டில் காரோட்டும் அவர் கண்கள் மட்டும் கடைசியில் ஒளிர்கின்றன. அலாஸ்காவில் அந்தப் பெண் உறையைத் தூக்கி எறியப் போகும்போது, உயிர் போய்க்கொண்டிருக்கும் டார்மரே தடுக்கிறார். பிறகு கண்ணை மூடுகிறார்.

இரண்டாம் முறை வாய்மொழித் தேர்விலும் அதே தேர்வாளர்தான். நாயைப் பற்றிக் கேட்கவேயில்லை. “டார்மருக்குத் தூக்கம் கிடைத்துவிட்டது, சரி. எங்ஸ்த்ரோமுக்கு?” என்றார்.